வற்றிய காலும் ஏறிய எடையும்

என் வீட்டுக்காரருக்கு என்னோடு பஸ்ஸில் வரவே கூச்சம். நான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறேன் என்பது அவருடைய புகார். உண்மைதான். எதிரில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால், செருப்பு வார் பதிந்த தடம் எவ்வளவு ஆழம் என்று என் கண் போய்விடும். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, ஓடிவந்து ஏறியவர் மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேசுகிறாரா, உதடு என்ன நிறம். இதயப் பிரிவில் வேலை பார்க்கிற நர்ஸின் கண்ணுக்கு ஓய்வு ஏது? "ஒருநாள் எவனாவது அந்தச் செருப்பாலேயே பதில் சொல்லப் போறான்" என்பார் அவர். சொன்னால் சொல்லட்டும். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படிச் சோறு இறங்காமல் செய்தவர் திரைக்காரர்.

அவர் ஜன்னல் திரை தைக்கிறவர். வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார். அறுபதைத் தொட்ட வயது, பென்சில் மாதிரி விரல்கள், எதைப் பார்த்தாலும் நீளம் அகலம் சொல்கிற வாய். வாடிக்கையாளர் வீட்டு மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்து எங்களிடம் வந்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கிற வால்வு இறுகிப் போயிருந்தது. வந்த அன்று காலிரண்டும் தூண் மாதிரி இருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுக்க முடியவில்லை. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார்.

வால்வை மாற்றியே ஆகவேண்டும். அதற்கு முன்னால் உடம்பில் தேங்கிய தண்ணீரை மருந்து கொடுத்து இறக்கவேண்டும். தள்ளிப்போடவும் முடியாது. இறுகிய வால்வு சொல்லாமல் கொள்ளாமல் ஆளைக் கொண்டு போய்விடும். இதை அவருக்கும் அவர் மனைவிக்கும் டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க எங்களுக்கு இருக்கிற நேர்வழி எடை. ஒரு லிட்டர் வெளியே போனால் ஒரு கிலோ குறையவேண்டும். அதனால் என் வார்டில் ஒரு சட்டம் உண்டு. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, வாயில் எதுவும் போடுவதற்கு முன்னால், அதே மெஷினில், அதே உடுப்பில் எடை பார்க்கவேண்டும். இன்று கனத்த சட்டை, நாளை லேசான சட்டை என்றால் கணக்குக் கெட்டுவிடும். இந்தச் சட்டத்தை மீறினால் நான் கத்துகிற கத்தலில் லிஃப்ட் வரைக்கும் ஆள் எட்டிப் பார்ப்பார்கள். திரைக்காரர் அப்படியே கேட்டுக்கொண்டார். எடை பார்ப்பதற்கென்றே வீட்டிலிருந்து ஒரு சட்டையும் பைஜாமாவும் வரவழைத்து, கட்டிலின் பக்கத்துக் கொக்கியில் மாட்டி வைத்தார். காலையில் போட்டுக்கொண்டு மெஷினில் ஏறுவார், இறங்கியதும் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி உடுப்புக்கு மாறுவார். இப்படி ஒரு ஒழுங்கான நோயாளியா என்று எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

முதல் சில நாட்கள் எடை மளமளவென்று இறங்கியது. கால் மெலிந்தது. தலையணைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, படம் வரைந்து விளக்கினார். மார்பைத் திறந்து, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, அதன் வேலையை ஒரு மெஷின் செய்ய, பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பார்கள். தைப்பது என்றதும் திரைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன நூல், எத்தனை தையல் என்றெல்லாம் கேட்டார். டாக்டரம்மா போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், நிறுத்தி வைக்கிற நேரத்துல நான் எங்க இருப்பேன்?"

"எங்க போகப் போறீங்க அண்ணே? மேஜை மேலதான் இருப்பீங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

கட்டில்களுக்கு நடுவே தொங்குகிற திரைகள் மின்விசிறிக் காற்றில் படபடவென்று அடித்து விலகிவிடும். ஊசி போடும்போது நோயாளியின் மானம் போகும். அது திரைக்காரரின் கண்ணை உறுத்தியது. "அடியில கனம் இல்ல சிஸ்டர், அதான் ஆடுது. பொழுதும் போகல, நான் சரி பண்ணித் தரேனே" என்றார். கரும்பு தின்னக் கூலியா? சரி என்றேன். அவர் மனைவி வீட்டிலிருந்து ஊசி நூலும், திரைக்கு அடியில் வைத்துத் தைக்கிற ஈயப்பட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். துணி நாடாவுக்குள் குட்டிக் குட்டி ஈயக் குண்டுகள் வரிசையாக இருக்கும். அதைக் கரைக்குள் வைத்துத் தைத்துவிட்டால் திரை அடங்கி நிற்கும். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு திரையாகத் தைத்தார். வார்டே அழகாகிவிட்டது.

அதற்குப் பிறகு எடை ஏற ஆரம்பித்தது. தினமும் அரை கிலோ.

மருந்தைக் கூட்டினோம். மறுநாளும் ஏறியது. ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. எனக்கு மண்டை காய்ந்தது. அளந்து கொடுக்கிற தண்ணீரைத்தான் குடிக்கிறார், உப்பில்லாத சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார். அப்படியானால் யாரோ திருட்டுத்தனமாக உப்போ தண்ணீரோ கொடுக்கிறார்கள். அவரிடம் வந்து போகிற வெளியாள் ஒருவர்தான். அவர் மனைவி.

சின்ன உருவம், பெரிய பை, அதிகம் பேசாத பெண்மணி. காலையில் வந்தால் மாலை வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவரை நான் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நேராவே கேக்கறேன். இவருக்கு என்ன குடுக்கறீங்க?"

"ஒண்ணும் குடுக்கல சிஸ்டர்."

"அப்ப எடை என்ன வானத்துலேர்ந்தா வருது? பையைத் திறங்க."

திறந்தார். துண்டு, சீப்பு, காலி டப்பா. நான் டப்பாவை மோந்துகூடப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், "அந்தம்மா முகத்தைப் பாத்தா உப்பு கடத்துற முகமாவா இருக்கு?" என்று குறுக்கே வந்தார்.

"உங்க டிக்கெட்டை நீங்க பாருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். "இதோ பாருங்க அக்கா, பாசம் காட்டறேன்னு ஆளைக் கொன்னுடாதீங்க. இன்னும் ஒரு தடவை எடை ஏறுச்சுன்னா உங்களை உள்ளயே விட மாட்டேன்."

திரைக்காரர் தலையைத் தூக்கவில்லை. மடியில் கிடந்த திரையில் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தம்மா நடைபாதை வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை. "அவரு இங்க வந்ததுலேர்ந்து நானும் உப்பில்லாமத்தான் சாப்பிடறேன் சிஸ்டர். அவரு நாக்குக்கு இல்லாதது எனக்கு எதுக்கு? நான் போய்க் குடுப்பேனா? அவரே என்னை நம்பலையோ என்னமோ. எடை பாக்குற சட்டையத் துவைச்சுட்டு வரேன்னாகூடக் கையில தர மாட்டேங்கறாரு."

அழுகையை நம்புகிற வேலையில் நான் இல்லை. நல்ல மனசுக்காரர்கள்தான் அதிகமாக ஏமாற்றுவார்கள், அதுவும் பாசத்தால். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையிலும் அரை கிலோ ஏறியிருந்தது. ஆனால் மெஷினிலிருந்து இறங்கியவர் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல, தலை லேசா சுத்துது" என்றார். ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிறுநீரகம் வாடுது சிஸ்டர். எடையைப் பாத்தா உடம்பு முழுக்கத் தண்ணி. ரத்தத்தைப் பாத்தா ஆள் வறண்டு கிடக்காரு. ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது."

"எது டாக்டர்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கூப்பிடறேன்? நானும் அவர் நெஞ்சைக் கேட்டேன், சுத்தமா இருக்கு. நீங்க ஒரு தடவை தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாருங்க. சாயங்கால ஊசியை என்னைக் கேக்காமப் போடாதீங்க. இறுகின வால்வுக்குத் தண்ணி கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. தப்பான பக்கம் போனோம்னா ஆபரேஷன் தேவையே இருக்காது."

தேவை இருக்காது என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கவேண்டியதில்லை.

திரைக்காரரின் திரையை இழுத்துவிட்டு, அவரை முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஒற்றைத் தலையணையில் சாய்ந்திருந்தார், மூச்சு சீராக இருந்தது. கட்டிலைப் பாதி உயர்த்திக் கழுத்தைப் பார்த்தேன். நரம்பு அடங்கிக் கிடந்தது. உடம்பில் தண்ணீர் கூடினால் அங்கே ஒரு துடிப்பு மேலேறி நிற்கவேண்டும். நாக்கை நீட்டச் சொன்னேன். காய்ந்து வரிவரியாக இருந்தது. காலுக்கு வந்தேன். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி, மனதுக்குள் நிதானமாக எண்ணி, எடுத்தேன். குழியே இல்லை. தோல் தளர்ந்து எலும்பு தெரிந்தது. படுத்தே இருப்பவர்களுக்குத் தண்ணீர் இடுப்புக்குப் பின்னால் போய்ச் சேரும், அங்கேயும் அழுத்திப் பார்த்தேன். ஊஹூம்.

காலில் இல்லை, கழுத்தில் இல்லை, நுரையீரலில் இல்லை, முதுகில் இல்லை. அரை அரையாக ஏறிய கிலோக்கள் எந்த மூலையில் போய் உட்கார்ந்திருக்கின்றன? எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. பயம் பாதி, சந்தோஷம் பாதி. புரியாத ஒன்று வால் நுனியைக் காட்டும்போது எனக்கு அப்படித்தான் ஆகும்.

மெஷின் கெட்டுவிட்டதோ? நான் ஏறி நின்றேன். என் எடை என் எடையாகத்தான் இருந்தது, அந்த வருத்தம் தனி. கண்டக்டரை ஏற்றினேன். காலையில் காட்டியதைவிடச் சாப்பாட்டுக் கனம் மட்டும் கூடியிருந்தது. மெஷினில் குறையில்லை. திரைக்காரரிடம் திரும்பி வந்தேன்.

"அண்ணே, வாங்க, இன்னொரு தடவை எடை பாத்துடலாம்."

அவர் முகம் மாறியது. "காலையிலதான் பாத்தாச்சே? வெறும் வயித்துலதான் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப சாப்பிட்டுட்டேன் சிஸ்டர். உடுப்பும் வேற. கணக்குத் தப்பாயிடும்."

என் சட்டத்தை எனக்கே எடுத்து ஓதினார். எடை பார்க்காமலிருக்க இவ்வளவு தூரம் சாக்குச் சொன்ன ஆளை நான் கண்டதில்லை. கையைப் பிடித்துத் தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி உடுப்போடு மெஷினில் நிறுத்தினேன். முள் காலையில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் குறைவு.

"சாப்பிட்டதும் ரெண்டு கிலோ இறங்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். அவர் கண் ஒரு கணம் எங்கே போய்த் திரும்பியது என்று பார்த்தேன். கொக்கிக்கு. நான் போய் அந்த எடை பார்க்கும் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். கை சடாரென்று கீழே இறங்கியது.

அடப்பாவி மனுஷா!

சட்டைக் கரையை விரலால் தடவினேன். பைஜாமாவின் இடுப்பை, கால் மடிப்பைத் தடவினேன். உள்ளே குண்டு குண்டாக, வரிசை பிசகாமல் ஓடியது. தையல் அவ்வளவு நேர்த்தி. வெளியே ஒரு நூல் தெரியவில்லை. அவ்வளவு கோபத்திலும் ஒரு மனம் 'என்ன வேலைப்பாடு!' என்று வியக்கிறது. என்னை என்ன சொல்ல?

"ஒவ்வொரு நாளும் ஒரு சாண் ஈயம் சேத்துத் தைச்சிருக்கீங்க" என்றேன்.

"ஒரு சாண் இல்ல" என்றார் திரைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு மீட்டருக்கும் மேல."

அளவில் தப்பு வந்தால் அந்த நிலையிலும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு மூளை இருக்கா? இல்லாத தண்ணிய இறக்கறதுக்கு நாங்க ஊசி ஊசியாப் போட்டுட்டு இருக்கோம். உங்க சிறுநீரகம் காயுது. இன்னைக்குச் சாயங்காலம் இன்னொரு ஊசி போட்டிருந்தா நாளைக்குக் காலையில எடை பாக்க நீங்களே இருந்திருக்க மாட்டீங்க!"

"கத்தாதீங்க சிஸ்டர். தண்ணி இறங்கலன்னா ஆபரேஷன் தள்ளிப்போகும்னு நினைச்சேன். ஊசியைக் கூட்டுவீங்கன்னு தெரியாது." குரல் உடைந்தது. "இதயத்தை நிறுத்திடுவாங்களாம். அப்ப நான் செத்தவன்தானே? செத்தவன் திரும்பி வருவான்னு யாரு கேரண்டி? உங்ககிட்ட கேட்டேன், நீங்க சிரிச்சீங்க."

அன்று அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்த நேரத்துல மெஷின் உங்க மூளைக்கு ரத்தம் அனுப்பிட்டே இருக்கும். நீங்க சாகல. ஆனா உள்ளே உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. போய் வந்தவங்களை எல்லாம் நான் கேட்டிருக்கேன், விடாம நச்சரிச்சிருக்கேன். ஒண்ணும் ஞாபகம் இல்லங்கறாங்க. ஆபத்தே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வால்வோட வீட்டுக்குப் போனா, அதைவிடப் பெரிய ஆபத்து."

"டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று என் கையைப் பிடித்தார். "நானே பிரிச்சுடறேன்."

"இப்பவே சொல்லப் போறேன். உங்க மருந்தை நிறுத்தணும்."

எழுந்து திரையை விலக்கினேன். அந்தப் பக்கம் அவர் மனைவி நின்றிருந்தார். உள்ளே விடமாட்டேன் என்று சொன்னதை அன்றைய பரபரப்பில் நானே மறந்திருந்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே மருந்தை நிறுத்தச் சொல்லி, மெதுவாக ஏறும்படி சலைன் போடச் சொன்னார். "முப்பது வகை காரணம் யோசிச்சேன், தையல்காரரை யோசிக்கல" என்றார். இருவரும் வார்டுக்கு விரைந்தோம்.

நாங்கள் வந்தபோது அந்தம்மா அந்தச் சட்டையைக் கையில் வைத்துக் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். திரைக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பயந்தீங்க, சரி. எனக்கும்தான் பயம். ராத்திரி தூங்கறதில்ல" என்று அந்தம்மா பேச ஆரம்பித்தார். அவர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. "ஆனா நான் கொண்டாந்து குடுத்த ஈயத்தை வச்சே இதைப் பண்ணிட்டு, வார்டு முழுக்கப் பாக்க என்னைத் திட்டும்போது, பையைத் திறந்து காட்டும்போது, ஊசியப் பாத்துட்டே உக்காந்திருந்தீங்களே. உங்க உயிரை நான் எடுக்கறேன்னு சொன்னாங்க. ஒரு வார்த்தை, 'அவ இல்ல'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயிலேர்ந்து?"

திரைக்காரர் வாய் திறக்கப் போனார்.

"இப்ப சொல்ல வேணாம்" என்று அந்தம்மா கையைக் காட்டித் தடுத்தார். "இப்ப கேட்டுக்க மாட்டேன். ஆபரேஷனுக்குப் போங்க. கண்ணு முழிச்சு வந்து பதில் சொல்லுங்க. பதில் சொல்லாம எங்கயும் போயிட முடியாது, சொல்லிட்டேன்."

நான் அந்தம்மாவின் தோளைத் தொட்டேன். "அக்கா, திட்டினது நான்தான்."

"உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றார்.

சில நாட்களில் சிறுநீரகம் தெளிந்தது, ரத்த அழுத்தம் ஏறியது. அவரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நான்தான் ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் நடந்தேன். அவர் கை ஐஸாக இருந்தது. கதவு வரைக்கும் அந்தம்மா கூடவே வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அவர் தலையாட்டினார்.

இதயத்தை நிறுத்தினார்கள். வால்வைத் தைத்தார்கள். மறுபடி ஓடவிட்டபோது முதலில் தாறுமாறாகத் துடித்ததாம். தியேட்டர் நர்ஸ் பிறகுதான் என்னிடம் சொன்னார். மின்சாரம் கொடுத்துத்தான் சீருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் இருந்த அந்தம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் வேலை முடிந்ததும் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். தொண்டைக் குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். பழக்கதோஷம், முதலில் காலைப் பார்த்தேன், பிறகு உதட்டைப் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. அந்தம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், உட்காரவில்லை. திரைக்காரர் கண்ணைத் திறந்து அவரைத் தேடிப் பிடித்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அவ இல்ல… நான்தான்னு… அன்னைக்கே சொல்லியிருக்கணும். உன்னைத் திட்டவிட்டிருக்கக் கூடாது."

அந்தம்மா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். கேட்டு முடித்து நிமிர்ந்தார்.

"பத்தாது. நாளைக்கும் சொல்லணும். இனிமே தினமும் சொல்லணும்."

சொல்லிவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.